பச்சையப்பர் எழுதிய உயில்

சென்னைக்குப் போய் வந்தவர்கள் யாரும் பச்சையப்பன் என்ற பெயரைக் கேட்காமல் திரும்பியிருக்க முடியாது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கல்லூரிக்கு அந்தப் பெயர். பஸ் நிறுத்தத்துக்கும் அந்தப் பெயர். மெட்ரோ ரெயில் வந்த பிறகு ரெயில் நிலையத்துக்கும் அதே பெயர்தான்.

கல்லூரி கட்டிய வள்ளல் என்றுதான் அவரைப் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மை அதுவல்ல. அவர் எந்தக் கல்லூரியையும் கட்டவில்லை. அவர் பெயரில் முதல் பள்ளிக்கூடம் திறக்கப்பட்டபோது அவர் இறந்து 48 வருஷங்கள் ஆகியிருந்தன. அவர் பணம் வைத்துவிட்டுப் போனது கோயில் விளக்குக்கும், திருவிழாவுக்கும், பசித்து வருகிறவர்களின் இலையில் விழும் சோற்றுக்கும்.

அந்தப் பணம் எப்படிச் சேர்ந்தது, எப்படி அரை நூற்றாண்டு காலம் முடங்கிக் கிடந்தது, பிறகு எப்படிப் பள்ளிக்கூடமாக மாறியது என்பது ஒரு நீண்ட கதை.

பிறக்கும் முன்பே தந்தை இல்லை

பச்சையப்பரின் தகப்பனார் விசுவநாத முதலியார், காஞ்சீபுரத்துக்காரர். தாயார் பூச்சியம்மாள். ஏற்கனவே இரண்டு பெண் குழந்தைகள். மூன்றாவது குழந்தை வயிற்றில் இருக்கும்போதே விசுவநாத முதலியார் காலமாகிவிட்டார்.

கையில் இரண்டு பெண்களும் வயிற்றில் ஒன்றுமாக நின்ற அந்த அம்மாளுக்குப் பெரியபாளையத்தில் இருந்த ரெட்டிராயர் என்பவர் அடைக்கலம் கொடுத்தார். அவர் விசுவநாத முதலியாரின் நண்பர். அந்த ஊரில்தான் 1754-ம் ஆண்டு பச்சையப்பர் பிறந்தார். சென்னைக்கு வடமேற்கே, பவானியம்மன் கோயில் இருக்கும் அதே பெரியபாளையம்தான்.

பையனுக்கு ஐந்து வயது இருக்கும்போது ரெட்டிராயரும் போய்விட்டார். மறுபடியும் மூட்டை கட்ட வேண்டியதாயிற்று. இந்தத் தடவை சென்னப்பட்டணம். அங்கே நாராயண பிள்ளை என்பவர் அந்தக் குடும்பத்தைத் தம் ஆதரவில் வைத்துக்கொண்டார். பவுனி என்ற வெள்ளைக்கார வியாபாரியிடம் அவர் துபாஷியாக இருந்தார்.

ஆகப் பச்சையப்பர் பிறந்த நாளிலிருந்து சாப்பிட்ட சோறு பிறர் வீட்டுச் சோறு. யாரும் அவரைப் பட்டினி போடவில்லை. ஆனால், அடுத்தவர் மனசு வைத்தால்தான் அடுத்த வேளை என்ற நிலை எப்படிப்பட்டது என்பதை அந்த வீட்டில் நாலு பேரும் அறிந்திருப்பார்கள். ஊரை விட்டு வந்து, முதல் மாதச் சம்பளம் கைக்கு வரும்வரை சொந்தக்காரர் அறையில் சாப்பிட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டு பாஷைக்காரர்

நாராயண பிள்ளை பையனுக்குக் கணக்குப் பழக்கினார். வியாபார நெளிவு சுளிவு சொல்லிக் கொடுத்தார். பையன் வளர்ந்து, தானும் துபாஷி ஆனான்.

துபாஷி என்றால் இரண்டு பாஷை தெரிந்தவர் என்று பொருள். ஆனால், வெறும் மொழிபெயர்ப்பு வேலை அல்ல அது. கம்பெனி வெள்ளைக்காரருக்குத் தமிழும் தெலுங்கும் தெரியாது. நெசவாளிக்கும் நெல் வியாபாரிக்கும் இங்கிலீஷ் தெரியாது. இரண்டு பேருக்கும் நடுவில் துபாஷி நிற்பார். சரக்கு வாங்குவது, விலை பேசுவது, முன்பணம் கொடுப்பது, கடன் ஏற்பாடு செய்வது எல்லாம் அவர் கை வழியாகத்தான் நடக்கும். ஒவ்வொரு பேரத்திலும் அவருக்குத் தரகு உண்டு. துரைக்கே பணமுடை வந்தால் துபாஷிதான் கடன் கொடுப்பார்.

இந்தத் தொழிலில் பச்சையப்பர் கிடுகிடுவென்று முன்னேறினார். தம் அக்காள் சுப்பம்மாளின் மகள் அய்யாளம்மாளை மணந்தார். சென்னையில் கோமளீசுவரன்பேட்டையில் வசித்தார். காலையில் கூவம் ஆற்றில் குளித்துவிட்டுக் கோமளீசுவரர் கோயிலுக்குப் போவாராம். கூவத்தில் குளித்தார் என்றால் இன்று சிரிப்பார்கள். அப்போது அது குளிக்கத் தகுந்த ஆறாக இருந்தது.

பிற்பாடு அவருடைய தொழில் தஞ்சாவூர்ப் பக்கம் திரும்பியது. தஞ்சையில் அப்போது மராத்திய அரசர்கள். அரசர் கம்பெனிக்கு வருஷந்தோறும் கப்பம் கட்ட வேண்டும். அறுவடை முடிந்து நெல் விற்றால்தான் கையில் பணம். ஆனால், கம்பெனி அதுவரை காத்திருக்காது. இந்த இடைவெளியில்தான் சென்னைப் பட்டணத்துப் பணக்காரர்கள் புகுந்தார்கள். அரசருக்குக் கடன் கொடுத்து, வரியிலிருந்து வட்டியோடு திரும்பப் பெற்றார்கள். பச்சையப்பரும் அப்படிக் கடன் கொடுத்தவர்களில் ஒருவர்.

இதை மூடி மறைக்க வேண்டியதில்லை. அந்த வட்டி கடைசியில் யார் தலையில் விழுந்தது என்று பார்த்தால், காவிரிக் கரையில் ஏர் பிடித்தவன் தலையில்தான். துபாஷிகளுக்கு அந்தக் காலத்தில் நல்ல பெயரும் இருந்தது, கெட்ட பெயரும் இருந்தது. பச்சையப்பர் ஒருவருடைய சொத்து மட்டும் வேறு வழியில் வந்தது என்று சொல்வதற்கில்லை. அவர் வித்தியாசப்பட்டது சேர்த்த விதத்தில் அல்ல. கடைசியில் அதை என்ன செய்தார் என்பதில்தான்.

கஞ்சித் தொட்டி காலம்

அவர் வாழ்ந்த காலம் எப்படிப்பட்டது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

1780-ம் ஆண்டு மைசூர் ஐதர் அலியின் படைகள் மலை இறங்கிக் கர்நாடகச் சீமைக்குள் புகுந்தன. காஞ்சீபுரத்துக்குப் பக்கத்தில் பெரிய சண்டை நடந்தது. ஊர்கள் எரிந்தன. ஆடு மாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன. மறு வருஷம் தஞ்சைச் சீமையும் தப்பவில்லை. பயிர் இல்லை, விதை நெல் இல்லை, உழ மாடும் இல்லை. கூட்டங்கூட்டமாக ஜனங்கள் சென்னைக் கோட்டையை நோக்கி வந்தார்கள். பட்டணத்தில் பஞ்சம் தலை விரித்தாடியது.

அந்தச் சமயத்தில்தான் வடசென்னையில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றும் இடம் ஒன்று ஏற்பட்டது. மணியக்காரர் சத்திரம் என்று அதற்குப் பெயர். ஜனங்கள் கஞ்சித் தொட்டி என்றார்கள். பின்னால் அதையொட்டி வளர்ந்த ஆஸ்பத்திரிதான் இன்றைய ஸ்டான்லி ஆஸ்பத்திரி. கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்லும் பெரியவர்களை வடசென்னையில் பலர் கேட்டிருப்பார்கள்.

பச்சையப்பருக்கு அப்போது வயது 26, 27. கையில் பணம் புரளத் தொடங்கிய வயது. பிறந்த நாட்டுப் பக்கமும், பின்னால் தொழில் செய்யப் போன தஞ்சையும் ஒருசேரப் பட்டினி கிடந்த வருஷங்கள் அவை.

இன்னொன்று. அந்த நாளில் ஓட்டல் கிடையாது. யாத்திரை போகிறவனோ வேலை தேடிப் போகிறவனோ, வழியில் சத்திரம் இருந்தால் சாப்பிட்டான். இல்லாவிட்டால் கட்டுச்சோறு தீரும்வரை நடந்தான். தஞ்சை அரசர்கள் ராமேசுவரம் போகும் பாதையில் வழிநெடுகச் சத்திரங்கள் கட்டியது வெறும் புகழுக்காக அல்ல. சத்திரத்துக்கு ஒரு கிராமத்தின் வருமானத்தையோ, ஒரு தொகையின் வட்டியையோ எழுதி வைத்தால், எழுதியவர் போன பிறகும் அடுப்பு எரியும். முதலைத் தொடக்கூடாது, வட்டியில்தான் உலை வைக்க வேண்டும் என்பது அந்த ஏற்பாட்டின் உயிர்நாடி.

எல்லாச் சத்திரத்திலும் எல்லாருக்கும் ஒரே பந்தி என்று எண்ணிவிடக் கூடாது. யாருக்கு உள்ளே இலை, யாருக்கு வெளியே என்பதைச் சாதி தீர்மானித்த காலம் அது.

சிதம்பரத்துப் பற்று

பச்சையப்பர் சிவபக்தர். சிதம்பரம் நடராசரிடம் தனிப் பற்று. அந்தக் கோயிலின் கிழக்குக் கோபுரத் திருப்பணி இவர் குடும்பத்தாரோடு சேர்ந்தது. மாமியாரும் அக்காளுமான சுப்பம்மாள் அதை முன்னின்று நடத்தினார். கிழக்குக் கோபுரத்தில் பச்சையப்பருக்கும் மனைவி அய்யாளம்மாளுக்கும் சிலைகள் இருக்கின்றன. தரிசனத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அண்ணாந்து பார்த்துவிட்டு, யாரோ என்று நடந்துவிடுகிறார்கள்.

1794-ம் ஆண்டு அவர் கும்பகோணத்தில் இருந்தபோது நோய் முற்றியது. மார்ச் மாதம் 22-ந் தேதி உயில் எழுதினார். ஒன்பதாம் நாள், 31-ந் தேதி, திருவையாற்றில் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 40.

நம் நாட்டில் உயில் எழுதி வைத்த முதல் சிலரில் அவர் ஒருவர் என்று சொல்வதுண்டு. பெரிய மனிதர்கள் சாகும்போது பிள்ளைகளையும் பங்காளிகளையும் கூப்பிட்டு வாயால் சொல்வதுதான் அப்போது வழக்கம். வெள்ளைக்காரர்களோடு இருபது வருஷத்துக்கு மேல் பழகிய மனிதர் இவர். வாய்ச் சொல்லுக்குக் கச்சேரியில் என்ன மதிப்பு, கையெழுத்துக்கு என்ன மதிப்பு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

கோயில் வழிபாட்டுக்கும் தருமங்களுக்குமாக ஒரு லட்சம் வராகன் ஒதுக்கப்பட்டது. ஒரு வராகன் என்பது மூன்றரை ரூபாய். ஒரு லட்சம் வராகன் என்றால் மூன்றரை லட்சம் ரூபாய். வடக்கே காசியிலிருந்து தெற்கே கன்னியாகுமரி வரை பல தலங்களில் இந்தத் தருமங்கள் நடக்க வேண்டும் என்பது ஏற்பாடு. உயிலை நிறைவேற்றும் பொறுப்பைத் தம்மை வளர்த்த நாராயண பிள்ளையிடமே விட்டார்.

வட்டி குட்டி போட்டது, உலை ஏறவில்லை

இதற்குப் பிறகு நடந்ததுதான் வருத்தமான கதை.

பச்சையப்பர் கண்ணை மூடியதும் சொத்து பல கைகளுக்குள் சிக்கியது. குடும்பத்துக்குள் தகராறு. நிர்வாகத்திலும் குழப்பம். வழக்கு கோர்ட்டுக்குப் போயிற்று. சென்னையில் சுப்ரீம் கோர்ட்டு 1801-ம் ஆண்டு ஏற்பட்டது. உயில் அதைவிட ஏழு வருஷம் மூத்தது. வழக்கு நடத்தியவர்களுக்கு வயதாகி, அடுத்த தலைமுறை வந்தது. காகிதத்தில் பணம் வளர்ந்துகொண்டிருந்தது. தருமம் நடக்க வேண்டியபடி நடக்கவில்லை.

சொத்துத் தகராறில் அண்ணன் ஏமாற்றினால் தம்பி வழக்குப் போடுவான். கடன் கொடுத்தவன் ஏமாந்தால் கோர்ட்டுக்குப் போவான். ஆனால், சத்திரத்து வாசலில் நின்று திரும்பிப் போகிற வழிப்போக்கன் யார் மேல் வழக்குப் போடுவான்? தன் பேருக்கு ஒரு பிடி அரிசி எழுதி வைத்திருக்கிறது என்பதே அவனுக்குத் தெரியாது. தரும சொத்து மற்ற எல்லாச் சொத்தையும் விடச் சுலபமாகக் கரைந்துபோவதற்கு இதுதான் காரணம். கேட்க ஆள் இல்லை.

இங்கிலீஷ் சட்டத்தில் இதற்கு ஒரு வழி இருந்தது. பொதுத் தருமம் கெட்டுப்போனால், அரசாங்க வக்கீல் அதைத் தம் பொறுப்பில் எடுத்துக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகலாம். அப்படித்தான் சென்னையில் அட்வகேட் ஜெனரலாக இருந்த சர் ஹெர்பர்ட் காம்ப்டன் கண்ணில் இந்த உயில் பட்டது. இவர்தான் பின்னால் பம்பாய் சுப்ரீம் கோர்ட்டில் தலைமை நீதிபதியாக இருந்தவர். அவருக்குப் பின் அட்வகேட் ஜெனரலாக வந்த ஜார்ஜ் நார்ட்டன் வழக்கை விடாப்பிடியாகக் கடைசி வரை கொண்டுபோனார்.

கணக்குப் பார்த்தபோது, பச்சையப்பர் ஒதுக்கிய ஒரு லட்சம் வராகன் அப்படியே இருந்ததோடு, வட்டி சேர்ந்து அதற்கு மேலும் ஏறத்தாழ நாலரை லட்சம் ரூபாய் நின்றது. முதலை விட வட்டி அதிகம்!

கேட்பதற்கு இது லாபம் மாதிரி இருக்கும். நன்றாக யோசித்தால், அந்த நாலரை லட்சமும் செய்யாமல் விட்ட தருமத்தின் கணக்கு. ஏற்றாத விளக்கு, இழுக்காத தேர், வடிக்காத சோறு. அந்த ஐம்பது வருஷத்தில் நாட்டில் பசி ஒன்றும் காத்திருக்கவில்லை. 1833-ம் ஆண்டு குண்டூர்ப் பக்கம் கொடிய பஞ்சம் வந்து ஜனங்கள் மடிந்தார்கள். அதெல்லாம் நடந்தபோது ஒரு தரும மூலதனம் கோர்ட்டுக் கணக்கில் வட்டி சேர்த்துக்கொண்டிருந்தது.

அந்த உபரியை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. மூல தருமங்களுக்கு அந்த ஒரு லட்சம் வராகனை அப்படியே நிறுத்திவிட்டு, உபரியைக் கல்விக்குச் செலவிடலாம் என்ற திட்டம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. நார்ட்டன் அதற்கு முன்னின்று பாடுபட்டார். தருமங்களையும் பள்ளிகளையும் பார்த்துக்கொள்ள இந்தியர்களைக் கொண்ட அறங்காவலர் குழு ஒன்று அமைந்தது. கம்பெனி ஆட்சியில் அது சின்ன விஷயமல்ல.

பள்ளிக்கூடம் வந்தது

1842-ம் ஆண்டு ஜனவரி மாதம் 1-ந் தேதி சென்னை பாப்பம்ஸ் பிராட்வேயில் பச்சையப்பர் பெயரில் பள்ளிக்கூடம் திறக்கப்பட்டது. ஏழைப் பையன்களுக்கு இங்கிலீஷ் கற்பிப்பது நோக்கம். பாதிரிமார் பள்ளிகளில் சேர்க்கப் பயந்த பெற்றோர்கள் பிள்ளைகளை இங்கே அனுப்பினார்கள். காஞ்சீபுரத்திலும் சிதம்பரத்திலும் பள்ளிகள் வந்தன. எஸ்பிளனேடில் கிரேக்கக் கோயில் மாதிரி பெரிய தூண்களோடு கட்டிய பச்சையப்பன் மண்டபம் 1850-ம் ஆண்டு திறக்கப்பட்டது.

பள்ளி வளர்ந்து 1889-ல் முழுக் கல்லூரி ஆயிற்று. 1940-ல் சேத்துப்பட்டுக்குப் போயிற்று. இந்துப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று இருந்த விதி 1947-ல் நீங்கி, எல்லா மதத்தாருக்கும் கதவு திறந்தது. திறக்க நூறு வருஷத்துக்கு மேல் ஆனது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கணித மேதை ராமானுஜன் இந்தக் கல்லூரியில் படித்து எப்.ஏ. பரீட்சையில் தவறியவர். அவர் பெயரை உலகம் அறியும்.

இன்னொரு மாணவர், பச்சையப்பரின் முன்னோர் ஊரான காஞ்சீபுரத்திலிருந்தே வந்தார். நெசவாளர் குடும்பம். வீட்டுக் கஷ்டத்துக்காகச் சிறிது காலம் நகரசபை ஆபீசில் குமாஸ்தா வேலை பார்த்துவிட்டு, பிறகு கல்லூரிக்கு வந்து எம்.ஏ. வரை படித்தார். அவர்தான் சி.என்.அண்ணாதுரை. 1967-ல் அவர் முதல்-மந்திரி ஆனபோது, அரிசித் தட்டுப்பாட்டில் தவித்த சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி போடும் திட்டத்தைத் தொடங்கினார். மூன்று படி என்று சொன்னது ஒரு படியில் நின்றது என்று எதிர்க்கட்சிகள் கேலி செய்ததும் அந்த வருஷம்தான். ஆனாலும் ரேஷன் கடை வாசலில் நின்றவர்களுக்கு அந்த ஒரு படி பெரிதாகத்தான் இருந்தது.

பச்சையப்பர் கட்டளைகள் முழுவதும் மறைந்துவிடவில்லை. சிதம்பரம் கோயிலில் தேர்ப் பராமரிப்பும் சில வழிபாடுகளும் அவர் அறக்கட்டளையின் பொறுப்பு. கோர்ட்டுத் தீர்ப்புக்குப் பிறகு, இனி ஒருவரும் மறைக்க முடியாதபடி, உயிலின் செய்தியைக் கல்லில் வெட்டிக் கோயில்களில் நட்டு வைத்தார்கள். சென்னைப் பட்டணத்துப் பச்சையப்ப முதலியார் காசி முதலான இடங்களில் தருமம் நடக்க ஒரு லட்சம் வராகன் வைத்துப் போயிருக்கிறார் என்று பொது ஜனங்களுக்கு அறிவிப்பாகச் சொல்கிற கல் அது. சில கோயில்களில், சுண்ணாம்பு பூசியும் எண்ணெய்க் கறை படிந்தும், பிராகாரத்துச் சுவர் ஓரமாக இன்னும் நிற்கிறது.